டாக்டர் எழுதவில்லை, ஆனால் சார்ட்டில் இருக்கிறது: என்ன கோடு போடுவது?

புதுச்சார்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருடம் வெளிநோயாளி கோடிங் பார்த்தேன், அதாவது சார்ட்டில் எழுதிய நோய்க்கு ஐசிடி என்ற உலக நோய்ப் பட்டியலின் குறியீட்டை, நம் பேச்சில் ‘கோடு’, போடும் வேலை. நான்கு மாதம் முன்பு மருத்துவமனைக்கு உள்ளேயே உள்நோயாளி கோடராகச் சேர்ந்தேன். இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் வந்தேன், சத்தியமாக இரண்டும் ஒன்றில்லை. முன்பு ஒரு சார்ட் என்றால் ஒன்றரைப் பக்கம்: வந்தார், டாக்டர் பார்த்தார், மருந்து எழுதினார், போனார். இப்போது ஒருத்தர் பதினொரு நாள் படுத்திருந்தால் நர்ஸ் குறிப்பு, மருந்து அட்டவணை, லேப், ஸ்கேன், பிசியோ, டயட்டீஷியன், இரவு டூட்டி டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய இரண்டு வரி என்று அத்தனையும் என் திரைக்கு வந்து நிற்கிறது. கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திறந்தால் நான்கே வரி.

இந்த வாரம் வந்த ஒரு சார்ட். வயதானவர், காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். சம்மரியில் நோய் என்ற இடத்தில் ‘எல்ஆர்டிஐ’, அதாவது கீழ்ச் சுவாசப் பாதைத் தொற்று, என்று மட்டும் எழுதி முடித்துவிட்டார்கள். உள்ளே போனால் எக்ஸ்ரே அறிக்கையில் வலது கீழ் நுரையீரலில் கன்சாலிடேஷன், காற்று இருக்க வேண்டிய இடம் கெட்டியாகித் தெரிகிறது. பழைய பக்கவாதம் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்த்து, தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது, எல்லாவற்றையும் கெட்டியாக்கிக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்த்திருக்கிறார்கள், ஆஸ்பிரேஷன் சந்தேகம் வந்தால் சேர்ப்பது அது. எனக்கு இது பட்டப்பகல் மாதிரி தெரிகிறது, ஆஸ்பிரேஷன் நிமோனியா, அதாவது சாப்பாடோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா, ஜே69.0. என் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு “எல்ஆர்டிஐ என்றால் ஜே22, போட்டுவிட்டு அடுத்ததை எடு” என்கிறார்.

கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு ‘குறிப்பிடப்படாத’ கோடு போட மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

மூன்றாம்தொகுதி:

தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, யாராக இருந்தாலும் ஜே69.0-ஐ முதலில் கீழே வையுங்கள்.

நாம் நோயைக் கண்டுபிடிப்பவர்கள் இல்லை. நோயாளிக்குப் பொறுப்பான டாக்டர் எழுதிய நோய்க்குக் கோடு போடுபவர்கள். எக்ஸ்ரே படித்தவர் கன்சாலிடேஷன் என்று சொன்னால் அது அவர் கண்ட நிழல். அந்த நிழல் நிமோனியாவா இல்லையா என்று சொல்ல வேண்டியது படுக்கைப் பக்கத்தில் நின்றவர். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னது விழுங்கும் சிரமம். இரண்டையும் கூட்டி மூன்றாவதாக ஒரு நோயை உண்டாக்குவது நம் வேலை இல்லை.

நான் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தவன்தான். சோடியம் 124 என்று லேப்பில் சிவப்பில் வந்தது, உப்பு டிரிப் ஓடியிருக்கிறது, பக்கத்தில் டாக்டர் சோடியத்துக்கு ‘என்ஏ’ என்று எழுதி ஒரு கீழ்நோக்கிய அம்பு போட்டிருந்தார். நான் இ87.1 போட்டேன், ஹைப்போநட்ரீமியா, இரத்தத்தில் சோடியம் குறைவு. ஆடிட்டில் திரும்பி வந்தது. அம்பு நோய் இல்லையாம். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது, அம்பு போட்டு டிரிப்பும் கொடுத்திருக்கிறாரே, வேறென்ன வேண்டும் என்று. இப்போது யோசித்தால் ஆடிட்டர் சொன்னதுதான் சரி. சரிபார்க்கப் போகிறவர் கையில் என் ஊகம் இருக்காது, சார்ட் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் சூப்பர்வைசர் சொன்னதும் பாதிதான் சரி. ஜே22 போட்டு மூடக் கூடாது. குவெரி அனுப்புங்கள், டாக்டரிடமே எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை:

குவெரி அனுப்பினால் பதில் வர பத்து நாள். அதுவரை சார்ட் பெண்டிங். மாதக் கடைசியில் பெண்டிங் லிஸ்டோடு நம்மைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். ஜே22 போடுங்க, நிம்மதியா தூங்குங்க.

தணிக்கைக்காரி:

வெள்ளிக்கிழமை, நீங்கள் மூடிய சார்ட்டுகள்தான் என் மேஜைக்கு வருகின்றன என்று இப்போது புரிகிறது. :)

நான் ஆடிட் பக்கம் இருப்பவள். மூன்றாம்தொகுதி சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ‘நாம் எதையுமே விளக்கம் செய்யக் கூடாது’ என்று புதியவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், அதுவும் சரியில்லை. விதி அவ்வளவு தட்டையாக இல்லை.

முதலில், புதுச்சார்ட் வெளிநோயாளி பக்கத்திலிருந்து வருவதால் இது. அமெரிக்க வழிகாட்டு விதிகளில், ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று டாக்டர் எழுதினால் வெளிநோயாளிக்கு அதைக் கோடு போடக் கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். அதே வார்த்தை உள்நோயாளியின் இறுதிக் குறிப்பில் இருந்தால் நோய் இருப்பதாகவே வைத்துக் கோடு போட வேண்டும். தலைகீழ். வேறு நாடுகளில் எந்த வார்த்தைக்கு எந்தப் பக்கம் என்பது மாறும், அதனால் உங்கள் இடத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள். ஆறு வருடப் பழக்கம் கையில் ஊறியிருக்கும், அதுதான் ஆபத்து.

அடுத்தது, நோயை டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில் சில விலக்கு உண்டு. அதே அமெரிக்க விதிகளில் பிஎம்ஐ, படுக்கைப் புண்ணின் நிலை போன்றவற்றை நர்ஸ், டயட்டீஷியன் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘உடல் பருமன்’ என்றோ ‘படுக்கைப் புண்’ என்றோ டாக்டர் எங்காவது எழுதியிருக்க வேண்டும். எண்ணையும் நிலையையும் அவர்களிடம் வாங்கலாம், நோயின் பெயரை வாங்க முடியாது.

அப்புறம் அறுவை சிகிச்சை. இங்கே நிலைமையே வேறு. அமெரிக்காவில் சிகிச்சை முறைகளுக்குக் கோடு போடும் பிசிஎஸ்-ல் ஒரு உறுப்பின் ஒரு பகுதியை வெட்டினால் எக்சிஷன், முழுவதையும் எடுத்தால் ரீசெக்‌ஷன். சர்ஜன்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை, வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். அதற்காகக் குவெரி அனுப்பத் தேவையில்லை. அவர் என்ன செய்தார் என்று ஆபரேஷன் குறிப்பைப் படித்து எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவு செய்வது கோடரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. ஆக, என்ன நோய் என்பதில் நம் வாயைக் கட்டிய அதே விதி, என்ன செய்தார்கள் என்பதில் படித்துப் புரிந்துகொள் என்கிறது. இந்த வித்தியாசம் உறைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

உங்கள் கேஸ் முதல் வகை. குவெரிதான்.

வார்டுடாக்டர்:

கோடர்கள் பேசும் இடத்தில் டாக்டர் நுழைவது சரியா தெரியவில்லை, அடிக்காதீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், உங்கள் குவெரி வந்தால் எங்களில் பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். இருபத்தாறு மணி நேர டூட்டி முடித்துவிட்டு, மூன்று வாரம் முன்பு வீட்டுக்குப் போன நோயாளியைப் பற்றி ‘தெளிவுபடுத்தவும்’ என்று வந்தால் முகமே ஞாபகம் வராது. ‘யூரோசெப்சிஸ்’ என்று எழுதினேன், குவெரி வந்தது. யூரோசெப்சிஸ் என்றால் எங்கள் வார்டில் எல்லாருக்கும் புரியும். உங்களுக்குப் புரியவில்லையே என்று நினைத்தேன். பிறகு ஒரு கோடர் அக்கா உட்கார வைத்துச் சொன்னார், அந்த ஒரு சொல்லுக்கு ஒரு டாக்டர் சிறுநீர்த் தொற்று என்றும் இன்னொருவர் இரத்தம் முழுக்கப் பரவிய செப்சிஸ் என்றும் அர்த்தம் வைத்திருக்கிறார்கள், நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்றைய குறிப்பை காப்பி செய்து இன்றைக்கு ஒட்டுகிறோம். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளும் ‘நாளை ஆபரேஷன், வெறும் வயிற்றில் வைக்கவும்’ என்று ஒரு சார்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் என் கையெழுத்தும் இருந்தது.

புதுச்சார்ட்டுக்கு ஒன்று. ஆஸ்பிரேஷன் என்று நீங்கள் இவ்வளவு உறுதியாக இருப்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது? ஸ்பீச் தெரபிஸ்ட் எத்தனையாவது நாள் பார்த்தார்? விழுங்கும் சிரமம் உள்ளவருக்குச் சாதாரண நிமோனியாவும் வரும். கல்ச்சர், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, என்ன ஆனது?

புதுச்சார்ட்:

டாக்டர் சார், மருத்துவமனைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே வீட்டில் காய்ச்சல் ஆரம்பித்தது என்று அட்மிஷன் குறிப்பில் இருக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்ட் ஐந்தாம் நாள். கல்ச்சர் ‘பெண்டிங்’ என்று சம்மரியில் இருக்கிறது. ஆனால் மெட்ரோனிடசோல் ஏன் சேர்த்தார்கள்? அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம்தொகுதி சார், தங்கச்சிதான்.

பழையபேனா:

குவெரி எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஏனென்றால் அனுப்பு அனுப்பு என்கிறார்கள், தப்பாக அனுப்பினால் அனுப்பாமல் இருப்பதை விட மோசம்.

இப்படி எழுதக் கூடாது:

“வணக்கம் டாக்டர். இந்த நோயாளிக்கு ஆஸ்பிரேஷன் நிமோனியா இருந்தது போல் தெரிகிறது. தயவுசெய்து உறுதி செய்யவும்.”

இதைப் படித்தால் ஓய்ந்துபோயிருக்கும் டாக்டர் ‘ஆம்’ என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். அந்த ‘ஆம்’ அவருடையதா உங்களுடையதா? பதிலை வாயில் ஊட்டிவிட்டு வாங்கிய கையெழுத்துக்கு ஆடிட்டில் மதிப்பில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“சம்மரியில் எல்ஆர்டிஐ என்று உள்ளது. சார்ட்டில் காண்பவை: எக்ஸ்ரே, முதல் நாள், வலது கீழ்ப் பகுதியில் கன்சாலிடேஷன். மூன்றாம் நாள் மெட்ரோனிடசோல் சேர்ப்பு. ஐந்தாம் நாள் ஸ்பீச் தெரபி, விழுங்குவதில் சிரமம். கல்ச்சர் முடிவு சார்ட்டில் இல்லை. உங்கள் மருத்துவ முடிவின்படி இந்தத் தொற்றை மேலும் குறிப்பாகச் சொல்ல இயலுமா? மூச்சுக்குழல் அழற்சி / நிமோனியா, கிருமி தெரிந்தால் அதன் பெயருடன் / ஆஸ்பிரேஷன் நிமோனியா / வேறு, விவரிக்கவும் / சொல்ல இயலாது.”

‘வேறு’, ‘சொல்ல இயலாது’ இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தப் பதில் வந்தால் மருத்துவமனைக்கு எவ்வளவு வரும் என்பது குவெரியில் ஒரு எழுத்து கூட இருக்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்த நாகரிகம் இல்லை, அமெரிக்க மருத்துவத் தகவல் மேலாண்மைச் சங்கமான அஹிமா போன்ற அமைப்புகள் எழுதி வைத்திருக்கும் நெறி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், குவெரியின் அடியில் தொகை வித்தியாசத்தைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அங்கே ரொம்ப நாள் இருக்கவும் இல்லை.

சார்ட்டில் காண்பவற்றை எழுதும்போது தேதி வரிசையில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த நோய்க்குச் சாதகமானதை மேலே தூக்கி வைக்காதீர்கள். அப்படி வரிசையாக எழுதும்போதே பாதி நேரம் நம் ஊகம் உடைந்துவிடும்.

விலகிநிற்பவன்:

நான் கோடர் இல்லை, தங்கை இந்த வேலையில் இருக்கிறாள், அதனால் படித்தேன். கேட்டால் கோபப்படக் கூடாது. கடைசியில் இதெல்லாம் பில்லுக்குத்தானே? ஜே22-வோ ஜே69-ஓ, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு என்ன?

மூன்றாம்தொகுதி:

கோபம் இல்லை, நியாயமான கேள்வி. பணம் இல்லை என்று சொன்னால் பொய். டிஆர்ஜி முறை உள்ள இடங்களில் நாம் போடும் கோடுகளை ஒரு மென்பொருள் சேர்த்து, நோயாளியை ஒரு குழுவில் போடுகிறது, அந்தக் குழுவுக்கு ஒரு தொகை. யேல் பல்கலைக்கழகத்தில் ஃபெட்டரும் தாம்சனும் உருவாக்கிய முறை அது. மருத்துவமனையில் எந்த மாதிரி நோயாளிக்கு எவ்வளவு செலவாகிறது, வேலை எப்படி நடக்கிறது என்று அளக்க நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். 1983-ல் அமெரிக்க மெடிகேர் அதைக் கட்டண முறையாக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கோடரின் நாற்காலிக்குப் பின்னால் கணக்குப் பிரிவும் வந்து நிற்கிறது.

ஆனால் கோடு அதற்கு ரொம்ப முன்பே பிறந்துவிட்டது. பெர்டில்யான் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் 1893-ல் சிகாகோவில் நடந்த கூட்டத்தில் இறப்புக் காரணங்களின் பட்டியலை முன்வைத்தார். அதுதான் வளர்ந்து வளர்ந்து ஐசிடி ஆனது. 1948-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறாவது திருத்தத்தைக் கையில் எடுத்தபோதுதான் சாவு மட்டுமில்லாமல் நோயும் உள்ளே வந்தது. அதற்கும் முன்னால், 17-ம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சிடுவார்கள். அதில் காரணம் என்ற இடத்தில் ‘பல்’ என்று இருக்கும். பல் முளைக்கும் வயதில் இறந்த குழந்தைகள். ‘திடீரென்று’ என்றும் இருக்கும். அவ்வளவுதான் காரணம்.

நாம் சிரிக்கலாம். ஆனால் ஐசிடி-10-ல் ஆர்96-ஐத் திறந்து பாருங்கள், காரணம் தெரியாத திடீர் மரணம். ‘திடீரென்று’ இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. ஜே22 அந்தச் சாதிதான். தேவைப்படும்போது போட வேண்டும், போடாமல் முடியாது. ஆனால் டாக்டருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்க நமக்குச் சோம்பலாக இருந்ததால் ஜே22 போட்டால், நாளைக்கு இந்த வருடம் எத்தனை பேருக்கு எந்த நிமோனியா வந்தது, தடுப்பூசி யாருக்குப் போட வேண்டும் என்று யாராவது எண்ணும்போது இந்த மனிதர் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார். 2020-ல் கோவிட்டுக்கு யூ07.1, யூ07.2 என்று இரண்டு வைத்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பரிசோதனையில் வைரஸ் உறுதியானது ஒன்று, டாக்டர் மருத்துவ ரீதியாகச் சொல்லியும் பரிசோதனையில் உறுதியாகாதது இன்னொன்று. இரண்டையும் கலந்திருந்தால் எண்ணிக்கையே எண்ணிக்கையாக இருந்திருக்காது.

தங்கையைக் கேட்டுப் பாருங்கள், அவளும் இதைத்தான் சொல்வாள். இதை விடக் கோபமாகச் சொல்வாள்.

பிரசவவார்டு:

நான் மகப்பேறு சார்ட் பார்க்கிறேன். எல்லாரும் ஓ80, சுகப்பிரசவம், போட்டு ஜாலியாக இருக்கிறாய் என்பார்கள். பெரும்பாலான நாள் ஜாலிதான்.

போன மாதம் ஒரு சார்ட். ஆறு முறை ஸ்கேனுக்கு வந்திருக்கிறார், எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது என்று குறிப்பு. கடைசி அட்மிஷனில் நர்ஸ் எழுதிய வரி: ‘தாய் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார், நாற்பது நிமிடம் வைத்திருந்தார்.’ கீழே பி95, வயிற்றிலேயே இறந்த குழந்தை. இந்த வரிக்குக் கோடு கிடையாது, தேவையும் இல்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் போட்டேன். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்தது, ஏன் என்று கேட்டார்கள், சிஸ்டம் ஸ்லோ என்று சொன்னேன்.

நாம் யாரையும் நேரில் பார்ப்பதில்லை, ஆனால் அவர்களைப் பற்றி அவர்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாததும் நமக்குத் தெரியும். இதை யாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை:

பிரசவவார்டு அக்கா, இனி சிஸ்டம் ஸ்லோ என்று யார் சொன்னாலும் நம்புகிறேன்.

மனசு கனமாகிவிட்டது, கொஞ்சம் மாற்றுகிறேன். வி97.33-ஐ யாராவது நிஜமாகப் போட்டிருக்கிறீர்களா? ஜெட் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டவர், அதிலும் கடைசியில் ‘டி’ வந்தால் மறுமுறை. ஒரு தடவை போனவன் இரண்டாவது தடவையும் போனானா என்று எங்கள் டீமில் சிரித்துச் சிரித்து...

தணிக்கைக்காரி:

சிரிப்பைக் கெடுப்பதுதான் என் தொழில். அந்த ‘டி’ மறுமுறை உறிஞ்சப்பட்டதைச் சொல்லவில்லை. அதே காயத்துக்குத் தொடர் சிகிச்சைக்கு வருகிறார் என்று அர்த்தம். முதல் கட்ட சிகிச்சை நடக்கும்வரை ‘ஏ’, ஆறும் கட்டத்தில் ‘டி’, பின்விளைவுக்கு ‘எஸ்’. இதையே ஆடிட்டில் மாதம் பத்து தடவை திருத்துகிறேன். எலும்பு முறிவில் அந்த இடத்துக்கு இன்னும் நிறைய எழுத்துகள் உண்டு, அங்கே போய்ச் சிரியுங்கள் பார்ப்போம்.

நாளையகோடர்:

நான் இப்போதுதான் படிக்கிறேன். எல்லாரும் ஏஐ வந்து கோடர் வேலையைத் தின்றுவிடும் என்கிறார்கள். படிப்பதா விடுவதா?

பழையபேனா:

எங்கள் இடத்தில் மென்பொருள் கோடு பரிந்துரைக்கிறது. எக்ஸ்ரே, சாதாரண வெளிநோயாளி வருகை இதிலெல்லாம் நன்றாகவே செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஒன்றரைப் பக்க சார்ட்டை நம்பி இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். ஆனால் போன வாரம் ஒரு சார்ட்டில் அது ‘எம்எஸ்’ என்பதை எடுத்து மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று நீட்டியது. நோயாளி படுத்திருந்தது இதயப் பிரிவில், அது மைட்ரல் ஸ்டெனோசிஸ். அம்மாவுக்கு இருந்த நோயைக் குடும்ப வரலாற்றில் எழுதினால் அதை மகளுக்குப் போட்டுக் காட்டிய நாளும் உண்டு.

உடற்கூறியலும் மருந்துகளும் நன்றாகப் படியுங்கள். கோடு மனப்பாடம் வேண்டாம். ஐசிடி-10 மூன்று தொகுதி: மூன்றாவதில் அகரவரிசையில் தேடி முதலாவதில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டாவது படியைத் தாண்டாதவனைப் பார்த்தாலே தெரியும், ‘நீங்கலாக’ என்று கோட்டுக்குக் கீழேயே எழுதியிருப்பதைப் படித்திருக்க மாட்டான். ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, நாடுகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. அதில் கோடுகளைக் கோத்து எழுதும் முறை வேறு மாதிரி. மனப்பாடம் செய்தவர்கள்தான் அப்போது கஷ்டப்படுவார்கள்.

புதுச்சார்ட்:

பதில் வந்துவிட்டது. பத்து நாள் ஆகவில்லை, நான்கு நாள்.

பழையபேனா சார் சொன்ன மாதிரி தேதி வரிசையில் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே உள்ளே ஏதோ இடித்தது. மெட்ரோனிடசோல் மூன்றாம் நாள் இரவு சேர்த்தது என்று மருந்து அட்டவணையில் இருந்ததா, அந்த வரியின் கடைசிவரை வலது பக்கம் நான் நகர்த்திப் பார்க்கவே இல்லை. நகர்த்தினால் ஐந்தாம் நாள் காலை ஒரு குறுக்குக் கோடு, ‘நிறுத்து’, கையெழுத்து. இவ்வளவு நாளாக நான் சேர்த்ததை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியதைப் பார்க்காமல் இங்கே வந்து பட்டப்பகல் என்று எழுதியிருக்கிறேன்.

அதையும் குவெரியில் சேர்த்து அனுப்பினேன். டாக்டர் எழுதியது இது, சுருக்கிச் சொல்கிறேன்: ஆஸ்பிரேஷன் இல்லை. இரவு டூட்டியில் இருந்தவர் அந்தச் சந்தேகத்தில் மருந்து ஆரம்பித்தார், நான் பார்த்துவிட்டு நிறுத்தினேன். விழுங்கும் சிரமம் பழைய பக்கவாதத்தின் மிச்சம், ஒரு வருடமாக இருக்கிறது, தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இது நியூமோகாக்கஸ் நிமோனியா. இரத்தக் கல்ச்சர் முடிவு டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் வந்தது, சம்மரியில் சேர்க்க மறந்துவிட்டேன், இப்போது இணைப்புக் குறிப்பு எழுதிவிட்டேன்.

ஆக ஜே13. என் ஜே69.0-ம் தப்பு, சூப்பர்வைசரின் ஜே22-ம் தப்பு. அவரிடம் காட்டினேன், “ம்” என்றார். வார்டுடாக்டர் சார், கல்ச்சர் என்ன ஆனது என்று முதல் நாளே கேட்டீர்கள், நன்றி.

வார்டுடாக்டர்:

நிறுத்தியதை எல்லாரும்தான் பார்க்க மாட்டார்கள். நாங்களும்தான். வீட்டுக்கு அனுப்பும் மருந்துச் சீட்டில் நிறுத்திய மருந்து போன கதை என்னிடம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

தணிக்கைக்காரி:

ஒரு நிமிடம். இரத்தக் கல்ச்சரா? சளி இல்லை, இரத்தமா?

மூன்றாம்தொகுதி:

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். இரத்தத்தில் நியூமோகாக்கஸ் வளர்ந்திருக்கிறது, காய்ச்சல், மூச்சுத் திணறல். தங்கச்சி, செப்சிஸ் என்று எங்காவது எழுதியிருக்கிறாரா?

புதுச்சார்ட்:

இல்லை சார். அட்மிஷன் குறிப்பில் இரத்த அழுத்தம் குறைவு என்று இருக்கிறது, ஒரு கீழ்நோக்கிய அம்பு வேறு. இந்தத் தடவை வலது பக்கம் கடைசிவரை நகர்த்திவிட்டுத்தான் குவெரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வார்டுடாக்டர்:

பாவம் அந்த டாக்டர்.